தவளை சொன்ன வெங்காய விலை

நுவன்சன் என்ற அழகான பெயரால் அவளைக் கூப்பிட்டது இரண்டே தரப்பு. ஒன்று பள்ளிக்கூடம், மற்றொன்று சம்பளம் போட்ட அரசாங்கம். மீதி எல்லோருக்கும் அவள் கோப், அதாவது தவளை. அவள் பிறந்த அன்று அடைமழை. வாய்க்கால் முழுக்கத் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. தகப்பனார் வேறு பெயர் தேடி மெனக்கெடவில்லை. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பின்னாளில் அவள் வேலை பார்த்த ஆபீசில் பெரிய அதிகாரியின் வீட்டுப் பெயர் பன்றி, டைப்பிஸ்ட்டின் பெயர் இறால்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை வாயால்தான் பிழைத்தது. சின்ன வெங்காயம் இந்த வருஷம் என்ன விலைக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அவளுடைய உத்தியோகம். வேளாண் பொருளாதார நிபுணர் என்று அறைக் கதவில் எழுதியிருந்தது. தாய்லாந்தின் வடகிழக்கில் இருக்கும் எங்கள் சிசாகெட் பக்கத்தில் அதை அவ்வளவு நீளமாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. "வெங்காய அம்மா" என்றால் பஸ் கண்டக்டருக்கும் தெரியும்.

இந்த உத்தியோகத்துக்கு விதை விழுந்தது அவள் வீட்டுக்கு அடியிலேயே. மரக்கால்கள் மேல் நிற்கும் வீடு. கீழே மூங்கில் கழிகளில் வெங்காயக் கொத்துகள் தொங்கும். ஒரு வருஷம் விலை ஏறட்டும் என்று தகப்பனார் காத்திருந்தார். விலை ஏறவில்லை, வெங்காயம்தான் முளைத்தது. பச்சை முளை விட்ட கொத்துகளுக்குக் கீழே நின்றுகொண்டு எட்டு வயதுத் தவளை கேட்டது:

"அப்பா, ஏன் எல்லாரும் ஒரே வருஷத்துல நடுறாங்க?"

"போன வருஷம் நல்ல விலை போச்சுல்ல, அதான்."

"போன வருஷம் யாருமே நடலையே. அதனாலதானே விலை போச்சு?"

தகப்பனார் ஒரு முளையைக் கிள்ளிப் போட்டார். பிறகு, போய் வாத்துக்குத் தவிடு வை என்றார். பதில் தெரியாத கேள்விகளுக்கெல்லாம் அந்த வீட்டில் வாத்துதான் பலியானது. வாத்துகள் நன்றாகக் கொழுத்திருந்தன.

கேள்வியைக் கையோடு எடுத்துக்கொண்டு அவள் பாங்காக்குக்குப் படிக்கப் போனாள். அங்கிருந்து பிலிப்பைன்ஸுக்குப் போய் டாக்டர் பட்டமும் வாங்கினாள். தலைநகரத்தில் குளிர்சாதன அறையில் நாற்காலி போட்டுத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சிசாகெட்டுக்கே மாற்றல் கேட்டு வந்தாள். உள்ளூர் மாடு விலை போகாது என்று யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கேட்டிருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம். அந்தக் குடும்பத்தில் யாரும் யார் சொல்லையும் கேட்பதில்லை.

முக்கியமாக அண்ணன் கம்சிங். ஆறு வயது மூத்தவர். கட்டம் போட்ட துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மூன் ஆற்றங்கரையில் அப்பா விட்டுப்போன வயலில் நெல்லும் அது முடிந்ததும் வெங்காயமும் போடுகிறவர். தங்கை பட்டம் வாங்கி வந்த வாரம், அவர் கையால் ஒட்டரிசிச் சோற்றை உருட்டி மீன் ஊறலில் தொட்டுக்கொண்டே கேட்டார்:

"அத்தனை வருஷமா என்னதான் படிச்சே, தவளை?"

"ஒரு வருஷம் விலை ஏறும். அதைப் பார்த்து எல்லாரும் நடுவாங்க, மறு வருஷம் விழும். பயந்துபோய் யாரும் நட மாட்டாங்க, திரும்ப ஏறும். அதைத்தான் படிச்சேன்."

"இது எனக்கே தெரியுமே. இதுக்கா கடல் தாண்டிப் போனே?"

"தெரிஞ்சா பின்ன ஏண்ணே எல்லாரோடயும் சேர்ந்து நடுறே?"

"எனக்குத் தெரியும். மத்தவனுங்களுக்குத் தெரியாதே."

அவள் பிறகு ஊர் ஊராகப் போய் விசாரித்தாள். ஒவ்வொருவரும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். எங்கள் வட்டாரத்தில் விஷயம் தெரியாதவன் என்று ஒருவன்கூடக் கிடையாது. தெரியாதவன் எப்போதும் பக்கத்து வயல்காரன்தான்.

மழை ஓயும் சமயத்தில், நெல் கதிர் வாங்கி நிற்கும்போது, அவள் தான் பிறந்த எங்கள் நோன் காம் ஊர்க் கோயில் மண்டபத்துக்கு வந்து பேசுவாள். வட்டார வானொலியில் அது அப்படியே போகும். ஊர்த் தலைவர்கள் அதைப் பிடித்துக் கம்பத்து ஒலிபெருக்கியில் விடுவார்கள். நாலு வட்டாரமும் கேட்கும். பலகையில் ஒரு பெரிய துணிப் படம் மாட்டியிருப்பாள். அதில் விலைக்கோடு பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போகும். படத்தைக் குச்சியால் தொட்டுக்காட்டி, "இந்த வருஷம் விதை நிறைய வித்திருக்கு. அதிகமா நட வேண்டாம்" என்பாள்.

சொன்னதும் என்ன நடக்கும் என்று பிலிப்பைன்ஸில் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஊர் மொத்தமும் வீட்டுக்குப் போய் அறுவடை முடிந்த கையோடு வெங்காயம் நட்டது.

விலை தரையைத் தொட்டது. அவள் சொன்னது சொன்னபடி பலித்தது. பலித்ததற்காக யாரும் பாராட்டவில்லை. அண்ணன் வீட்டுக்கு அடியில் வெங்காயம் கூரை வரை தொங்கியது.

"ஏண்ணே, நான் நட வேண்டாம்னு ஒலிபெருக்கியில கத்தினது உன் காதுல விழலையா?"

"நல்லா விழுந்துச்சு. அதனாலதான் நட்டேன்."

"என்னது?"

"டாக்டர் பட்டம் வாங்கின பொம்பளை சொல்றா, ஊரே கேக்கும்னு நெனச்சேன். ஊரே நடலைன்னா விலை ஏறும்ல? அதான் ரெண்டு பாத்தி சேத்தே நட்டேன்."

"ஊர்ல யாருண்ணே கேட்டா?"

"யாருமே கேக்கலைன்னு நட்டதுக்கப்புறம்தானே தெரிஞ்சுது."

நாலு வட்டாரத்திலும் இதே கணக்குத்தான். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் அவளை மதித்தார்கள். மற்றவர்கள் அவள் பேச்சைத் தட்ட மாட்டார்கள் என்று நம்பும் அளவுக்கு மதித்தார்கள். இப்படி ஒரு மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குப் பல வருஷம் விளங்கவில்லை.

நடுவில் ஒரே ஒரு வருஷம் அவளுக்கு நல்ல காலம் பிறந்த மாதிரி இருந்தது. பேச்சுக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். பக்கத்து மாவட்டத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் பேனா. அவள் விலையைச் சொன்னதும் குனிந்து குனிந்து எழுதினார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இடைவேளையில் புருஷனுக்குப் போன் செய்து, "கடைசில எழுதிக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள். புருஷன் ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர். வாழ்க்கையில் ஒரு செடிகூட நட்டதில்லை, அதனாலேயே அந்தக் குடும்பம் நிம்மதியாக இருந்தது. அவர் கொஞ்சம் தயங்கி, எதற்கும் என்ன எழுதுகிறார்கள் என்று ஒரு எட்டுப் பார் என்றார்.

பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. முன்வரிசைக் கிழவர் ஒருவர் கைகூப்பி எழுந்து நின்றார். "அம்மா, பாத் எத்தனைன்னு சொன்னீங்க. சத்தாங் எத்தனைன்னு சொல்லலையே?"

விஷயம் இதுதான். போன வருஷம் அவள் சொன்ன விலையில் பாத்துக்குப் பின்னால் வந்த சத்தாங் சில்லறையின் இரண்டு எண்ணை யாரோ லாட்டரியில் கட்டியிருக்கிறார்கள், விழுந்துவிட்டது. எங்கள் ஊரில் மரத்தின் பட்டையைச் சுரண்டி எண் பார்ப்போம், செத்த பல்லியின் வாலில் எண் பார்ப்போம். அரசாங்கமே அனுப்பிவைக்கும் அம்மா மேடையேறி எண்ணைச் சொன்னால் விடுவோமா? அதற்குப் பிறகு அவள் விலையை முழு எண்ணாக, "ஏறத்தாழ" என்று சேர்த்துத்தான் சொன்னாள். கூட்டம் பாதியாகக் குறைந்தது.

அவளுக்குக் கோபமும் வரும். ஆனால் எங்கள் பக்கத்தில் கோபத்தை வெளியே காட்டுவது துணியில்லாமல் தெருவில் நடப்பது போல. அவள் சிரித்துக்கொண்டே காரில் ஏறுவாள், ஊர் எல்லை தாண்டியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திட்டுவாள். அதிகத் திட்டு அண்ணனுக்குத்தான். உலகத்தில் யார் நம்பாவிட்டாலும் போகிறது, இவர் ஒரு தடவையாவது நம்பக்கூடாதா என்பதுதான் அவளுடைய தீராத குறை. சந்தையில் கம்சிங் "எந்தங்கச்சி மூளைக்கு மந்திரிகூடக் கைகட்டி நிக்கணும்" என்று பெருமை அடித்துக்கொள்வது அவள் காதுக்கு வரும். அதைக் கேட்டால் குறை இன்னும் கொஞ்சம் வளரும்.

அறுபது வயது முடிந்து அவள் ஓய்வு பெற வேண்டிய வருஷம் வந்தது. அதற்கு முந்தின வெங்காயம் அண்ணனை நன்றாகவே சுட்டிருந்தது. உழுகிற இயந்திரத்தை, நாங்கள் இரும்பு எருமை என்று கூப்பிடுவதை, கம்சிங் விற்றுவிட்டார். அண்ணி புன்லோம் அதிகம் பேசாதவள். அன்று பப்பாளிக்காயை உரலில் இடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆத்தோர வயலை வித்துட்டு ரயோங்குக்குப் போயிடலாம்னு சொல்லிட்டாரு. மக அங்க ஃபேக்டரில இருக்கா. அவ ரூம்ல ஒரு ஓரமாப் படுத்துக்கலாமாம்."

"அண்ணனா சொன்னாரு?"

"அவரேதான். போய்ட்டா, எலுமிச்ச மரத்தை நீ வந்து பாத்துக்க."

கோப் அன்றைக்குப் பப்பாளியைத் தொடவில்லை. அண்ணன் இல்லாத நோன் காமை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு அது பயமாகவே இருந்தது.

ஆபீசுக்குப் போய்க் கணக்குப் பார்த்தாள். கணக்கு மோசமாக இருந்தது. போன வருஷம் விற்காத வெங்காயம் எல்லா வீட்டுக்கு அடியிலும் விதையாகத் தொங்குகிறது. கைக்காசு போடாமல் விதை இருந்தால் எவனும் நடுவான். அத்தனையும் மண்ணுக்குள் போனால், வெட்டி எடுக்கிற கூலிக்கும் விலை தேறாது. நட வேண்டாம் என்று அவள் சொல்ல வேண்டும். சொன்னால் நடுவார்கள். முதலில் நடுபவர் யார் என்றும் அவளுக்குத் தெரியும்.

கடைசிப் பேச்சுக்கு மண்டபம் ஏறியபோது துணிப் படத்தை அவள் பிரிக்கவே இல்லை. சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு மைக் முன் நின்றாள்.

"இந்த வருஷம் விலை நல்லா இருக்கும். எல்லாரும் நடலாம். எவ்வளவு முடியுமோ அவ்வளவு நட்டுக்கங்க."

மண்டபத்தில் ஒரு தலைகூட ஆடவில்லை. ஊர்த் தலைவர் பிரமுவன் பக்கத்து ஆளின் காதில், "எல்லாரும் நட்டா அப்புறம் விலை என்னத்துக்கு ஆகும்? அம்மாவுக்கு வயசாயிடுச்சு" என்று முணுமுணுத்தார். மைக்கை அணைக்க மறந்ததால் அதுவும் நாலு வட்டாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பொய் சொல்லாதவள் ஓய்வு பெறும் வாரத்தில் பொய் சொன்னாள். எழுத்தில் சொல்லவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். ஆபீஸ் அறிக்கையில் உண்மையைத்தான் எழுதி, அச்சடித்து, ஊர் ஊராக அனுப்பியிருந்தாள். அரசாங்க அறிக்கையை யாரும் படிப்பதில்லை என்பதால் பொய்க்கு ஒரு ஆபத்தும் வரவில்லை.

வருஷப் பிறப்புக்கு அவள் ஊருக்கு வந்தாள். வழியெல்லாம் நிலக்கடலை, மிளகாய், சோளம், சில இடங்களில் சும்மா கிடக்கும் தரை. வெங்காயத்தைக் கண்ணில் காணோம். விதைக் கொத்துகளைக் குழம்புக்குக் கிள்ளிப் போட்டும் கோயிலுக்குக் கொடுத்தும் தீர்த்திருந்தார்கள். பொய் வேலை செய்திருக்கிறது. அவள் காரில் பாட்டுக்கூடப் போட்டுக்கொண்டாள்.

ஆற்றங்கரைத் திருப்பத்தில் கார் நின்றது. அண்ணன் வயல் முழுக்கப் பச்சைப் பசேலென்று வெங்காயத்தாள். ஒரு பாத்தி பாக்கியில்லை.

"நீ சொன்னேன்னு நட்டுட்டாருடி" என்றாள் பாத்தி ஓரமாக வந்த புன்லோம். குறை சொல்லவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

கோப் காரை விட்டு இறங்கினாள். காலமெல்லாம் நம்பாத மனுஷன், நம்பக்கூடாத அன்றைக்குப் பார்த்து நம்பித் தொலைத்துவிட்டாரே என்று நினைத்தாள். அண்ணன் வரப்பில் நின்று தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "பாத்தியா தவளை, எப்படி நிக்குது" என்றார். அவள் நன்றாக நிற்கிறது என்றாள். இரண்டு நாள் தங்குவதாக வந்தவள், தலைவலி என்று சொல்லி அன்றே கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு காலையில் பிட்சைக்கு வரும் துறவிகளுக்கு அவள் இட்ட சோறும் பழமும் கொஞ்சநஞ்சமல்ல. புருஷன் ஒன்றும் கேட்காமல் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

படித்தவள், ஆனால் பயத்தில் தன் படிப்பையே மறந்துவிட்டாள். யாருமே நடாத வருஷத்தில் விலை என்ன செய்யும்?

வெங்காயம் பிடுங்குவதற்கு முன்பே வியாபாரிகளின் வண்டிகள் ஆற்றங்கரையில் வரிசையாக நின்றன. நாலு வட்டாரத்தையும் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தவர்கள். ஒருவர் கம்சிங்குக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். இன்னொருவர் வெயில் படாமல் குடை பிடித்தார். கம்சிங் கொத்துக் கொத்தாக எண்ணிக் கொடுத்துவிட்டு, மறு வாரமே புது இரும்பு எருமையோடு ஊருக்குள் நுழைந்தார். தேவையில்லாமல் மூன்று தெரு சுற்றினார். ஊர் வாயைப் பிளந்தது.

"அம்மா அன்னைக்கே சொன்னாங்க. நாமதான் கேக்கல" என்றார் பிரமுவன். இந்த முறை ஒலிபெருக்கியிலேயே சொன்னார்.

கோப்புக்கு விழா எடுப்பது என்று முடிவாயிற்று. மண்டபத்தில் வாழையிலைக் கூம்பு வைத்து, மந்திரம் சொல்லி, வெள்ளை நூலை மணிக்கட்டில் கட்டி, சிதறிப்போன உயிரை உடம்புக்குள் கூப்பிடுகிற சடங்கு. அவள் உயிர் உண்மையிலேயே பல திசையில் சிதறித்தான் கிடந்தது. ஒவ்வொருவராக முழங்காலில் நகர்ந்து வந்து நூல் கட்டினார்கள். அம்மா கணக்கு தப்பாது, அம்மா வாக்கு பலிக்கும் என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு புகழ்ச்சி. உண்மை சொன்ன வருஷங்களில் ஒரு நல்ல வார்த்தை கிடையாது, பொய்க்கு மணிக்கட்டு நிறைய நூல். அவளுக்குக் கை கனத்தது.

கடைசியாக அண்ணன் வந்து உட்கார்ந்தார். நூலை எடுத்து அவள் கையில் சுற்றினார். அவள் தாங்க மாட்டாமல் குனிந்து அவர் காதருகே சொன்னாள்:

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது பொய். விலை விழும்னுதான் கணக்குல வந்துச்சு. நீ நடக்கூடாதுன்னு மாத்திச் சொன்னேன். எல்லாரும் எப்பவும் மாத்திதானே செய்வீங்க."

கம்சிங் முடிச்சை இறுக்கினார்.

"அப்ப நானும் சொல்லிடுறேன். நீ சொன்னதை நான் நம்பவே இல்ல."

"நம்பலையா? பின்ன எதுக்கு நட்டே?"

"அன்னைக்கு மண்டபத்துல ஒரு தலையாவது ஆடுச்சா? பிரமுவன் வேற வாய விட்டுட்டான். உன் கடைசிப் பேச்சு அது. சொந்த ஊர்ல ஒரு பாத்தி வெங்காயம்கூட இல்லைன்னா, வருஷப் பிறப்புக்கு வர்றப்ப உன் மூஞ்சி எப்படி இருக்கும்? போனா ஒரு வயல்தானேன்னு நட்டேன்."

"ஒரு வயலா? ரயோங்குக்குப் போற மாதிரி ஆயிருந்தா?"

"போயிருப்பேன். அங்க போயும், எந்தங்கச்சி கணக்கு சரிதான், மழை கெடுத்துடுச்சுன்னு சொல்லியிருப்பேன்."

அவள் அழுதாள். ஊர் முன்னால் அழுவது எங்கள் வழக்கமில்லை. ஆனாலும் அழுதாள். நம்பவில்லையே என்று காலமெல்லாம் யாரைத் திட்டினாளோ, அந்த மனுஷன் நம்பாமலே ஒரு வயலைத் தூக்கி அவள் மானத்துக்காகப் பணயம் வைத்திருக்கிறார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பிலிப்பைன்ஸிலும் சொல்லித்தரவில்லை. ஓய்வு பெற்ற துக்கம் என்று நினைத்துப் பிரமுவனின் மனைவி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிரமுவன் மைக்கை எடுத்தார். "அம்மா போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை. வர்ற வருஷம் வெங்காயம் எப்படி?"

பேனாக்கள் வெளியே வந்தன. கோப் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூல் கட்டிய கையை அண்ணன் பிடியிலேயே விட்டுவிட்டுச் சொன்னாள்:

"எனக்குத் தெரியாதுங்க."

எல்லாத் தலையும் ஒன்றாக ஆடின. இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒன்றை ஊர் மொத்தமும் மறுபேச்சில்லாமல் அப்படியே ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கம்சிங் மட்டும் நம்பவில்லை.